3,75,000 ரூபாய்க்கு இடமில்லாத மானியம்: சிறுதொழில் தொழில்நுட்ப மானியக் குழுவுக்கு மண்டபத்திலிருந்து ஒரு திறந்த மடல்

மானியக் குழு உறுப்பினர்களுக்கு,

என் ஐஸ் கம்பெனியில் சென்சாரும் மின்அளவியும் மாட்ட மானியம் கேட்ட என் விண்ணப்பத்தை நிராகரித்து நீங்கள் அனுப்பிய கடிதம் போன வாரம் கைக்கு வந்தது. இரண்டே வரி. கேட்ட தொகை குறைந்தபட்ச முதலீட்டு வரம்புக்குக் கீழே இருக்கிறதாம். பழைய இயந்திரத்தில் செய்கிற மாற்றங்கள் திட்டத்தில் வராதாம். எட்டு மாதம் அலைந்து வாங்கிய இரண்டு வரி. அதை மடித்து பீரோவில் வைத்துவிட்டு என் வேலையைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. இந்த இரண்டு வரியும் தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் இந்தக் கரையில் சின்ன அளவில் எதையாவது செய்து விற்றுப் பிழைக்கிற எல்லோரையும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

நான் மண்டபத்தில் ஐஸ் கம்பெனி நடத்துகிறேன். அப்பா தொடங்கியது. இரண்டு அமோனியா கம்ப்ரசர், ஓர் உப்புநீர்த் தொட்டி, மொட்டை மாடியில் கூலிங் டவர், ஆறு பேர் வேலை. ஒரு பார், அதாவது ஒரு ஐஸ் கட்டி, ஐம்பது கிலோ. முழு ஓட்டத்தில் நாளைக்கு இருநூறு பார், அதாவது பத்து டன்.

உங்கள் கூட்டத்தில் என் விண்ணப்பம் ஒரு தொகையாகவும் ஒரு பொருள் பட்டியலாகவும் மட்டும் வந்திருக்கும். அதற்குப் பின்னால் இருக்கிற வேலை என்ன என்று சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

தகரக் கேன்களில் நல்ல தண்ணீரை நிரப்பி உப்புநீர்த் தொட்டிக்குள் இறக்குவோம். அமோனியா ஓடும் குழாய்கள் அந்த உப்புநீரைக் குளிர வைக்கும். உப்பு இருப்பதால் மைனஸ் பத்து டிகிரியிலும் அது உறையாது. அதற்குள் நிற்கிற கேன் தண்ணீர் உறைந்து பாராகும். இந்தத் தொழிலில் செலவு என்றால் முதலில் கரண்ட்தான். ஓட்டம் நன்றாக இருக்கிற மாதத்தில் எனக்கு 1,60,000 ரூபாய்க்குக் குறையாமல் பில் வரும். கூலி, தண்ணீர், எண்ணெய் எல்லாம் அதற்கு அப்புறம்.

தொட்டி எத்தனை டிகிரியில் நிற்கிறது என்பதில்தான் எங்கள் காசு இருக்கிறது. தேவைக்கு மேல் ஒரு டிகிரி குளிர்ந்தால் கம்ப்ரசர் இழுக்கிற மின்சாரம் சுமார் 3 சதவீதம் கூடும். குளிர்சாதன வேலை தெரிந்த எவரும் சொல்லும் கணக்கு இது. குளிர் போதாவிட்டால் பார் நடுவில் உறையாமல் தண்ணீராக நிற்கும், படகுக்காரர் வாங்க மாட்டார்.

சரி, ஒரு டிகிரியை நிர்ணயித்து அதிலேயே ஓட்டினால் போகிறது என்று நினைப்பீர்கள். எங்கள் கடல் அப்படி விடாது. பாக் நீரிணைப் பக்கம் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நாலு நாள் நாட்டுப்படகு என்பது பல வருட ஏற்பாடு. விசைப்படகு போகும் நாளுக்கு முந்தின இரவு பாருக்கு வரிசை நிற்கும். மறுநாள் பாதிகூடப் போகாது. காற்று எச்சரிக்கை வந்தால் மீன்வளத் துறை கடலுக்குப் போக டோக்கன் கொடுக்காது. நம் ஆட்களை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனால் சங்கங்கள் வேலைநிறுத்தம் அறிவிக்கும். அறிவிக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் அந்த அறிவிப்பு சாயங்காலம் ஐந்து மணிக்கு வரும்போது என் தொட்டியில் இருநூறு பார் பாதி உறைந்த நிலையில் நிற்கும். இது போக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கம்ப்ரசர் நின்றாலும் நிலைக்கட்டணம் நிற்காது. 2022 செப்டம்பரில் மின்கட்டணம் உயர்ந்தபோது தாழ்வழுத்த இணைப்பில் இருக்கிற எங்களைப் போன்ற சின்னத் தொழிற்கூடங்களுக்கும் பீக் அவர் கட்டணம், அதாவது மின்தேவை உச்சத்தில் இருக்கிற நேரத்துக்கான கூடுதல் கட்டணம், வந்தது. போராடிய பிறகு கொஞ்சம் குறைத்தார்கள். இன்னும் இருக்கிறது. ஆக எந்தக் கம்ப்ரசரை எப்போது ஓட்டுவது, எப்போது நிறுத்துவது என்பதில்தான் எங்கள் லாபமும் நட்டமும்.

அந்த முடிவை எதை வைத்து எடுத்துக்கொண்டிருந்தோம் தெரியுமா? ஒரு கண்ணாடித் தெர்மாமீட்டரை வைத்து. பித்தளைக் கூட்டுக்குள் இருக்கும். நைலான் கயிற்றில் கட்டித் தொட்டியின் மூலையில் தொங்கவிட்டிருப்போம். உப்பு ஏறி ஏறிக் கோடுகள் எல்லாம் அழிந்து, பூஜ்ஜியமும் மைனஸ் பத்தும் மட்டும் மங்கலாகத் தெரியும். ஆபரேட்டர் அண்ணன் அதைத் தூக்கி டார்ச் அடித்து, கண்ணைச் சுருக்கி, குத்துமதிப்பாக ஓர் எண் சொல்வார். அப்பா காலத்துச் சிட்டையை ஒருநாள் எடுத்துப் பார்த்தேன். பக்கம் பக்கமாக ஒரே எண்: 10, 10, 10. யாரும் பொய் எழுதவில்லை. அந்தத் தெர்மாமீட்டரில் படிக்க முடிந்த எண்ணே அது ஒன்றுதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் ஆபரேட்டரின் தங்கச்சி மகன், பாலிடெக்னிக் படிக்கிற பையன், லீவுக்கு வந்திருந்தான். மாமாவுக்குச் சோறு கொண்டுவந்தவன் அந்தத் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, “இதுக்கு ஒரு சென்சார் போட்டா போன்லயே பார்க்கலாமேண்ணே” என்றான். மதுரை போய்ச் சாமான் வாங்கி வந்து ஒரு வாரத்தில் மாட்டியும் கொடுத்தான். முதல் கருவி நாற்பது நாள் தாங்கியது. நின்றுபோனதும் திறந்து பார்த்தோம். சர்க்யூட் போர்டில் செம்பு இருந்த இடமெல்லாம் பச்சை பூத்திருந்தது. ஜன்னல் கம்பியையே தின்றுவிடுகிற காற்று எங்களுடையது. அடுத்ததை ரப்பர் வாஷர் வைத்த பெட்டிக்குள் வைத்து, போர்டின் மேல் வார்னிஷ் பூசி, ஈரம் உறிஞ்ச சிலிக்கா பாக்கெட் இரண்டைப் போட்டு மூடினான். அது இன்றைக்கும் ஓடுகிறது. இரண்டுக்கும் சேர்த்து ஆன செலவு 9,000 ரூபாய்க்குள்.

அந்தக் கருவி முதல் மாதம் வரைந்து கொடுத்த கோட்டைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. இரவு பதினொரு மணி வரைக்கும் மைனஸ் பத்தை ஒட்டிப் போகிறது. அதற்கு மேல் சரிந்துகொண்டே போய் விடிகாலை மூன்று மணிக்கு மைனஸ் பதினான்கில் நிற்கிறது. ஓர் இரவு, இரண்டு இரவு இல்லை, பெரும்பாலான இரவுகளில் இப்படி. இரண்டு கம்ப்ரசரும் விடிய விடிய ஓடியிருக்கின்றன. ஆபரேட்டர் அண்ணனிடம் கேட்டேன். “நாலு மணிக்குப் படகுக்காரங்க வந்து பாரை உடைச்சுப் பார்த்து உள்ள தண்ணியா இருக்குன்னா பேச்சு வாங்குறது நான்தான தம்பி. உறைஞ்சிருச்சா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றார். அவர் மேல் குற்றமே இல்லை. கண்ணைக் கட்டி ஓட்டச் சொன்னது நாங்கள்தான். அதற்குப் பிறகு தொட்டி மைனஸ் பத்தரையைத் தொட்டதும் அவர் போனில் மணி அடிக்கும்படி வைத்தோம். மணி அடித்தால் ஒரு கம்ப்ரசரை நிறுத்துவார். மறு மாதம் ஏறக்குறைய அதே எண்ணிக்கை பார் போட்டும் பில்லில் 14,000 ரூபாய் குறைந்திருந்தது.

ஒன்பதாயிரம் ரூபாய்ச் சாமான் ஒரே மாதத்தில் தன் விலையை எடுத்துக் கொடுத்துவிட்டது. இதைப் பார்த்த பிறகுதான் உங்கள் திட்டத்தைத் தேடி வந்தேன். சிறு உற்பத்தியாளர்கள் டிஜிட்டல் தொழில்நுட்பத்துக்கு மாற உதவி என்று விளம்பரத்தில் போட்டிருந்தீர்கள். நான் கேட்டதெல்லாம் இவ்வளவுதான்: ஒவ்வொரு மோட்டாருக்கும் தனி மின்அளவி. அமோனியாவின் சூட்டைத் தண்ணீரில் இறக்குகிற கண்டென்சரின் பம்புக்கும் கூலிங் டவர் விசிறிக்கும், தேவைக்குத் தகுந்தபடி வேகத்தைக் குறைக்கிற வி.எஃப்.டி. கண்டென்சர் அழுத்தத்தைப் பார்க்கிற சென்சார். எங்கள் ஊர்த் தண்ணீர் உவர், குழாயில் படிவு ஏறிக்கொண்டே இருக்கும். படிவு ஏற ஏற அழுத்தமும் கரண்டும் ஏறும். எப்போது தேய்த்துக் கழுவ வேண்டும் என்பதை அந்த அளவு சொல்லிவிடும். அப்புறம் அமோனியா கசிந்தால் அலறுகிற கருவி நான்கு. எல்லாவற்றையும் காட்ட ஒரு சின்னத் திரை. மூன்று இடத்தில் விலைப்புள்ளி வாங்கியதில் குறைந்தது 3,75,000 ரூபாய் வந்தது. பாதியை நான் போடுகிறேன், பாதியைத் தாருங்கள் என்று கேட்டேன்.

நிராகரிப்புக் கடிதம் வருவதற்கு முன்னால் உங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் போனில் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார், நல்லது செய்கிற எண்ணத்தில்தான் சொன்னார். தொகையைப் பத்து லட்சத்துக்கு மேல் கொண்டுபோய்விடுங்கள், கூடவே கணக்கு, சரக்கு எல்லாவற்றையும் ஒன்றாக நிர்வகிக்கிற ஒரு ஈ.ஆர்.பி. மென்பொருளைச் சேர்த்துக்கொள்ளுங்கள், வரம்பைத் தாண்டிவிடும் என்றார். ஒரே ஒரு பொருளை, ஒரே அளவில், நாளைக்கு இருநூறு எண்ணிக்கை விற்கிற எனக்கு அந்த மென்பொருள் எதற்கு? வேண்டாததை வாங்கினால் அரசுப் பணம் கிடைக்கும், வேண்டியதை மட்டும் வாங்கினால் கிடைக்காது என்றால் அந்த விதியைத் திருத்த வேண்டியது உங்கள் கடமை. நான் தொகையைக் கூட்டவில்லை. அது மக்கள் பணம்.

நீங்கள் ஏற்றுக்கொள்கிற கருவிகளின் பட்டியலையும் பார்த்தேன். கணினி சொல்கிறபடி உலோகத்தைக் கடைகிற சி.என்.சி. இயந்திரம், ரோபோ கை, முப்பரிமாண அச்சு இயந்திரம். கோயம்புத்தூர் பம்புப் பட்டறைக்கும் ஓசூர் உதிரிபாகத் தொழிற்சாலைக்கும் அவை தேவைதான், அவர்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பட்டியலை எழுதியவர் மனதில் கடற்கரை இருந்ததாகத் தெரியவில்லை. எங்கள் கம்ப்ரசருக்கு முப்பது வயது. நன்றாக ஓடுகிறது. அதைக் கழற்றி இரும்பு விலைக்குப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கினால் அது முதலீடு, அதே கம்ப்ரசரில் ஓர் அளவியை மாட்டிச் சிக்கனமாக ஓட்டினால் அது “பழைய இயந்திரத்தில் மாற்றம்” என்பது என்ன நியாயம்? இருக்கிற மிஷினைச் சரியாக ஓட்ட வைப்பதற்குத்தானே இந்தத் தொழில்நுட்பமே?

மீன்வளத் துறையில் கேளுங்கள் என்றும் சொன்னார்கள். பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம் 2020-இல் வந்தது, எனக்குத் தெரியும். பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 60 சதவீதம். அந்த மானியம் பெரும்பாலும் ஐஸ் பிளாண்ட் கட்டுவதற்கும் மொத்தமாகப் புதுப்பிப்பதற்கும். சென்சாரும் மின்அளவியும் என்றதும் “இது தொழில் துறை விஷயம்” என்று திருப்பிவிட்டார்கள். தொழில் துறையிலோ “ஐஸ் என்றால் மீன்வளம்” என்றார்கள். மண்டபத்துக்கும் ராமநாதபுரத்துக்கும் இப்படி எத்தனை முறை பஸ் ஏறினேன் என்று நான் எண்ணவில்லை.

இப்போது அமோனியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் விண்ணப்பம் முதல் சுற்றிலிருந்து திரும்பி வந்தபோது அந்த நான்கு கருவிகளின் மேல் சிவப்புக் கோடு போட்டிருந்தது. பக்கத்தில் “பாதுகாப்புச் சாதனம், உற்பத்தித்திறன் சாராதது” என்று கையால் எழுதியிருந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஐப்பசி மாதம், நல்ல மழை இரவு. கம்ப்ரசர் பக்கத்து வால்வில் கசிவு. கதவையும் ஜன்னலையும் மழைக்காகச் சாத்தியிருந்தோம். கேன் தூக்குகிற பையன் ஒருவன் தொட்டி மேலேயே சாக்கு விரித்துப் படுத்திருந்தான். மூக்கில் ஏறி இருமி எழுந்தபோது அவனால் கண்ணைத் திறக்க முடியவில்லை. ஆபரேட்டர் அண்ணன் துண்டை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே போனார். அமோனியா தண்ணீரில் கரையும், அதனால் ஈரத்துணி கொஞ்சம் தாங்கும். இருட்டில் கையால் தடவித் தடவி வால்வை மூடிவிட்டு, பையனைத் தோளில் போட்டு வெளியே கொண்டுவந்தார். இரண்டு பேருக்கும் கண் சிவந்து நாலு நாள் வெளிச்சம் பார்க்க முடியவில்லை. இரண்டு பேரும் இன்றைக்கு நன்றாக இருக்கிறார்கள். அது எங்கள் அதிர்ஷ்டம்.

காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 25 பங்கு வரைதான் ஒரு நாள் வேலைக்கு ஏற்ற சராசரி அளவு என்றும், 300 பங்கு என்றால் உயிருக்கே உடனடி ஆபத்து என்றும் அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வகுத்திருக்கிறது. விழித்திருக்கிறவன் மூக்கு அதற்கு வெகு முன்னாலேயே கண்டுபிடித்துவிடும். தூங்குகிறவனுக்கு யார் சொல்வது? 2023 டிசம்பரில் எண்ணூரில் நள்ளிரவில் அமோனியா பரவி ஊரே வீட்டைவிட்டு ஓடியதை எல்லோரும் பார்த்தோம். எங்கள் கம்பெனிக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்துதான் இருக்கிறது. தொழிலாளி மூச்சுவிட்டு உயிரோடு இருப்பது உற்பத்தித்திறனில் சேராது என்று எழுதிய கையைத் தயவுசெய்து இன்னொரு முறை யோசிக்கச் சொல்லுங்கள். அந்த நான்கு கருவிகளைக் கடன் வாங்கி நானே மாட்டிவிட்டேன். அதற்குக்கூட உங்களை எதிர்பார்த்து இருந்திருக்க முடியாது.

என்னாலாவது கடன் வாங்க முடிந்தது. சாயல்குடி, கடலாடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சுகிற அக்காமார்களை நினைத்துப் பாருங்கள். பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவார்கள். கூடிப்போனால் கருப்பட்டியின் நிறமும் ருசியும் கெடும். குறைந்தால் பதநீர் புளித்து, எவ்வளவு காய்ச்சினாலும் சிரட்டையில் கட்டி பிடிக்காது. ஒரு நாள் விறகும் ஒரு நாள் உழைப்பும் பாகோடு போகும். இந்த அளவை இன்றைக்கும் நாக்கில் வைத்துத்தான் பார்க்கிறார்கள். புளிப்பு அளக்கிற கையடக்க பி.எச். மீட்டர் ஒன்றும் இனிப்பு அளக்கிற பிரிக்ஸ் மீட்டர் ஒன்றும் இருந்தால் போதும், சில ஆயிரம் ரூபாய் விஷயம். எந்தத் தோப்பு, எந்தத் தேதி என்று ஒரு சீட்டு ஒட்டி, அதை போனில் பார்க்கிற மாதிரி செய்துகொடுத்தால் சீனி கலந்த கருப்பட்டியோடு போட்டி போட வேண்டிய அவர்கள் நிலைமையே மாறும். அந்த அக்காவிடம் உங்கள் விண்ணப்பம் முதல் பக்கத்திலேயே ஜி.எஸ்.டி. எண் கேட்கிறது. ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் இருந்து மாநிலத்துக்குள்ளேயே சரக்கு விற்பவர் ஜி.எஸ்.டி. பதிவு எடுக்க வேண்டியதில்லை என்று சட்டம் விலக்குக் கொடுத்திருக்கிறது. அப்படிப்பட்டவர்களையும் கணக்கில் சேர்க்கத்தான் 2023 ஜனவரியில் உத்யம் அசிஸ்ட் என்ற தளத்தை ஒன்றிய அரசு தொடங்கியது. சட்டம் கேட்காத எண்ணை உங்கள் படிவம் ஏன் கேட்கிறது?

கருவாடு போடுகிறவர்கள் கதையும் இதேதான். நெத்திலி காய்ந்துகொண்டிருக்கும்போது ஒரு மழை அடித்தால் அந்த வாரமே போச்சு. ஈரப்பதம் காட்டுகிற சென்சார் வைத்த சின்ன சோலார் உலர்த்தி உங்கள் பட்டியலில் இல்லை.

குறுந்தொழில் என்ற சொல்லிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல் இயந்திர முதலீடு இரண்டரைக் கோடி வரையிலும் ஆண்டு விற்பனை பத்துக் கோடி வரையிலும் இருந்தால் குறு நிறுவனம். ஆக இரண்டு கோடிக்கு மிஷின் வைத்திருப்பவரும் இரண்டு அடுப்பு வைத்திருக்கிற அக்காவும் ஒரே பெட்டிக்குள் இருக்கிறார்கள். ஒரே பெட்டிக்கு ஒரே வரம்பு வைத்தால் யார் உள்ளே போவார், யார் வெளியே நிற்பார் என்று உங்களுக்குத் தெரியாதா? 2018-இல் நிதி ஆயோக் முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று பட்டியல் போட்டபோது தமிழ்நாட்டிலிருந்து இரண்டே மாவட்டம்தான் அதில் இருந்தது. விருதுநகர் ஒன்று, எங்கள் ராமநாதபுரம் இன்னொன்று. பின்தங்கியிருக்கிறோம் என்று பட்டியல் போடத் தெரிந்த அரசுக்கு, அந்த மாவட்டத்துக்குத் தகுந்த அளவில் ஒரு மானியம் வகுக்கவும் தெரிய வேண்டும்.

செய்ய முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதியில் 2019 வாக்கில் மேட் ஸ்மார்ட்டர் என்ற பெயரில் சிறு உற்பத்தியாளர்களுக்கு ஒரு திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கினார்கள். அங்கே மானியம் பாதிக்குப் பாதி, உச்சவரம்பு 20,000 பவுண்டு. என் மனதில் நின்றது அந்தத் தொகை அல்ல. முதலில் ஆலோசகர் ஒருவர் பட்டறையோடு உட்கார்ந்து எங்கே வீணாகிறது, எதை முதலில் செய்யலாம் என்று ஒரு பாதை போட்டுக் கொடுக்கிறார், பணம் அதற்குப் பிறகுதான். மாணவர்களைப் பட்டறைகளில் பயிற்சிக்கு வைக்கவும் அதில் வழி செய்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பாதையைப் போட்டுக் கொடுத்தது லீவுக்கு வந்த ஒரு பையன். சிறு தொழில்களில் வீணாவதைக் குறைக்கிற நம் ஒன்றிய அரசின் லீன் திட்டத்திலேயே ஆலோசகர் கட்டணத்தில் 90 சதவீதத்தை அரசு ஏற்கிறது. அப்படியிருக்க, இந்தத் திட்டத்தில் ஒருவர்கூட என் கம்பெனி வாசலை மிதிக்காமலேயே முடிவு எடுத்திருக்கிறீர்கள்.

நீங்கள் நடத்திய விழிப்புணர்வுக் கூட்டத்துக்கும் வந்தேன். ராமநாதபுரத்தில், ஏ.சி. மண்டபத்தில். எங்களுக்கு ஐஸ் அதிகம் ஓடுகிற நாளாகப் பார்த்து வைத்திருந்தீர்கள். திரையில் ஓடியது முழுக்க ஆங்கிலம். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த படகில் வலை இழுக்கிற விஞ்சு செய்கிற பட்டறைக்காரர் பாதியில் எழுந்து போனவர் திரும்பி வரவில்லை. அவர் கைவேலையைப் பார்த்திருந்தால் நீங்கள் அவரைப் போக விட்டிருக்க மாட்டீர்கள்.

நான் கேட்பவை இவை.

குறைந்தபட்ச முதலீட்டு வரம்பை எடுத்துவிடுங்கள். எடுக்க முடியாது என்றால் ஐந்து லட்சத்துக்கு உட்பட்ட வேலைகளுக்கென்று தனியாக ஒரு பங்கு ஒதுக்குங்கள், அதற்கு இரண்டு பக்கத் தமிழ்ப் படிவம் போதும். ஜி.எஸ்.டி. எண் இல்லாதவரிடம் உத்யம் அசிஸ்ட் சான்றிதழை ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஓடுகிற பழைய இயந்திரத்தில் அளவி, சென்சார், வி.எஃப்.டி. மாட்டுவதைத் தகுதியான செலவாக எழுத்தில் அறிவியுங்கள். அமோனியா கசிவுக் கருவி போன்ற பாதுகாப்புச் சாதனங்களையும் அதில் சேருங்கள். இதை நான் எனக்காகக் கேட்கவில்லை, என்னுடையது மாட்டியாகிவிட்டது. இந்தக் கரையில் இருக்கிற மற்ற ஐஸ் கம்பெனிகளிலும் இரவில் ஆட்கள் படுத்துத் தூங்குகிறார்கள்.

முதலில் நீ வாங்கு, மாட்டு, பில்லைக் காட்டு, பிறகு திருப்பித் தருகிறேன் என்ற முறையை மாற்றுங்கள். தடைக்காலத்தில் எங்கள் வீடுகளின் நகையெல்லாம் பேங்கில்தான் இருக்கும். ஒப்புதல் கொடுத்ததும் மானியத்தில் பாதியை விற்பவர் கணக்குக்கே அனுப்புங்கள், மாட்டி முடித்ததைப் பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள். பணம் எங்கள் கைக்கே வர வேண்டாம்.

அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர்களில் எனக்குத் தெரிந்து மதுரைக்குத் தெற்கே வந்து பழுது பார்க்கத் தயாராக ஒருவரும் இல்லை. உப்புக்காற்றில் தாங்கும் பெட்டி, இரண்டு நாளைக்குள் ஆள் வந்து பார்ப்பது, தமிழில் காட்டும் திரை, இந்த மூன்றையும் விற்பவருக்கு நிபந்தனையாகப் போடுங்கள். சிக்னல் இல்லாத நேரத்திலும் அளவுகளைச் சேர்த்து வைக்கிற கருவியாக இருக்க வேண்டும். தனுஷ்கோடிப் பக்கம் போனால் போனில் இலங்கை சிக்னல் விழுகிற ஊர் எங்களுடையது. இந்த மாவட்டத்துப் பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. பிள்ளைகளை உதவித்தொகை கொடுத்துப் பட்டறைகளுக்கு ஆறு மாதம் அனுப்புங்கள். எனக்குச் சென்சார் மாட்டிக் கொடுத்த பையன் இப்போது சென்னையில் வேறு ஏதோ வேலை பார்க்கிறான்.

முடிவெடுப்பதற்கு முன்னால் ஒருவரையாவது நேரில் அனுப்புங்கள். என் கம்பெனிக்கு வருவதாக இருந்தால் விசைப்படகு போவதற்கு முந்தின இரவு, பதினொரு மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள். பகலில் வந்தால் ஒன்றும் தெரியாது.

இந்த மடலோடு என் விண்ணப்பத்தை மறுபடியும் அனுப்புகிறேன். அமோனியாக் கருவிகளின் விலையை மட்டும் கழித்திருக்கிறேன், வேறெதையும் கூட்டவில்லை. இரண்டு வருடத்து மின்கட்டண ரசீதுகளையும் தொட்டி வெப்பநிலைக் கோடுகளையும் இணைத்திருக்கிறேன். முப்பது நாளைக்குள் பதில் வேண்டும். இல்லை என்பதுதான் பதில் என்றால் எந்த விதி, அதை யார் மாற்ற முடியும் என்பதைத் தமிழில், எழுத்தில், கையெழுத்துப் போட்டுத் தாருங்கள். அடுத்ததாக நான் அவருக்கு எழுத வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஐஸ் கம்பெனி நடத்துகிறவன்,
மண்டபம்.